விழிப்பு மாத்திரை போடுகிறவருக்கு மூக்கடைத்தால் எதை எடுப்பது?

போன ஐப்பசியில் மழையில் நனைந்த மறுநாள் சாயங்காலம், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான்கு பொருள்கள் கிடந்தன. வேலைக்குக் கிளம்பும் முன் நான் போட்டுக்கொள்ளும் விழிப்பு மாத்திரையான ஆர்மோடஃபினில் 150 மி.கி. அட்டை. நியூஜெர்சியிலிருந்து வந்திருந்த மச்சான், "இதைப் போடு, மூக்கு தானா திறக்கும்" என்று கொடுத்துவிட்டுப் போன, 12 மணி நேரம் வேலை செய்யும் மூக்கடைப்பு மாத்திரை. தெருமுனை மருந்துக்கடையில் "ஜலதோஷத்துக்கு ஏதாவது குடுப்பா" என்றால் கத்தரித்துக் கொடுக்கும் கலவை மாத்திரை நான்கு. அப்புறம் மனைவி வாங்கி வைத்திருந்த உப்புநீர் ஸ்ப்ரே. அந்த ஸ்ப்ரேயை நான் மருந்துக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

எனக்கு 44 வயது. சென்னையில் அமெரிக்க நேரத்துக்கு வேலை. சாயங்காலம் ஆறரைக்கு ஆரம்பித்தால் விடிகாலை மூன்றரை ஆகும். தூக்கத்தில் மூச்சு தடைபடும் ஸ்லீப் ஆப்னியா இருக்கிறது. அதற்காக, காற்றை உள்ளே தள்ளும் சீப்பேப் மெஷினை மூக்கில் மாட்டிக்கொண்டுதான் படுக்கிறேன். மெஷின் போட்டும் மிச்சமிருக்கிற தூக்கக் கலக்கத்துக்காக டாக்டர் எழுதிக்கொடுத்தது ஆர்மோடஃபினில். பிபிக்குத் தனியாக ஒரு மாத்திரை. என்னைப் போன்ற ஆள் இந்தக் கதையில் விதிவிலக்கு அல்ல என்பதால்தான் இதையெல்லாம் சொல்கிறேன். ஆப்னியாவும் உயர் ரத்த அழுத்தமும் பெரும்பாலும் ஜோடியாகவே வரும். விழிப்பு மாத்திரையை முறையாகச் சீட்டு வாங்கிச் சாப்பிடுகிறவர்களில் பலர், மூக்கடைப்பு மாத்திரையைப் பார்த்துப் பயப்பட வேண்டிய ஆட்களாகவே இருப்பார்கள்.

அன்று ஐந்தரை மணிக்கு ஆர்மோடஃபினில் போட்டேன். ஆறு மணிக்கு மச்சான் கொடுத்த மாத்திரை. இடையில் வழக்கம்போல் இரண்டு காப்பி. மூக்கு நிஜமாகவே திறந்தது, அதில் பொய் இல்லை. பதினோரு மணிக்குப் போனில் பேசிக்கொண்டிருக்கும்போது இதயம் அடிப்பது காதுக்குள் கேட்க ஆரம்பித்தது. கை லேசாக நடுங்கியது. அலுவலக முதலுதவி அறையில் பிபி பார்த்தார்கள்: 164/102, நாடி 108. அரை மணி உட்காரவைத்து மறுபடி பார்த்தபோதும் பெரிதாக இறங்கவில்லை. வண்டி வைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் பகல் முழுக்க ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை.

காப்பியா, சளியா, மாத்திரையா, பயமா, எது எவ்வளவு ஏற்றியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு வழியாக எடை போட்டுப் பார்த்தேன், டாக்டரிடமும் கேட்டேன். அந்தக் கணக்குதான் இது.

முதலில் இரண்டும் சேர்ந்தால் ஏன் தொல்லை என்பது. மூக்கடைப்புக்குச் சளிதான் காரணம் என்று நினைக்கிறோம். அடைப்பில் பெரும்பங்கு, மூக்கின் உட்சதையில் ரத்தக்குழாய்கள் வீங்கிப் பருத்து வழியை அடைப்பதால் வருவது. எவ்வளவு சிந்தினாலும் திறக்காமல் இருப்பது அதனால்தான். மச்சான் மாத்திரையில் இருந்த சூடோஎஃபெட்ரின், நரம்பு முனைகளில் சேமித்து வைத்திருக்கும் நார்அட்ரீனலின் என்ற வேதிப்பொருளை வெளியே தள்ளி அந்தக் குழாய்களைச் சுருக்குகிறது. சதை வற்றுகிறது, காற்று போகிறது. சிக்கல் என்னவென்றால், வயிற்றுக்குள் போன மாத்திரைக்கு மூக்கு எது, மற்ற இடம் எது என்று தெரியாது. உடம்பெங்கும் குழாய்கள் கொஞ்சம் இறுகும், இதயம் கொஞ்சம் வேகமெடுக்கும், மூளையும் விழித்துக்கொள்ளும்.

மோடஃபினிலும் அதன் ஒரு பாதியான ஆர்மோடஃபினிலும் வேறு வழியில் போகின்றன. மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுப்பது அவற்றின் முக்கியமான வேலை. ஆம்ஃபெட்டமைன் என்ற கிளர்ச்சி மருந்தின் அளவுக்கு முரட்டுத்தனம் கிடையாது. ஆனாலும் பிபியையும் நாடியையும் அவை தொடாமல் விடுவதில்லை. ஆர்மோடஃபினில் ஆய்வுகளில், மாத்திரை எடுத்தவர்களில் 2.9 சதவீதம் பேருக்குப் பிபி மருந்து புதிதாகத் தொடங்கவோ கூட்டவோ வேண்டியிருந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் அது 1.8 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லைதான். சூடோஎஃபெட்ரின் பக்கமும் அப்படியே: பல ஆய்வுகளைத் திரட்டி 2005-ல் வெளியான கணக்கில், பிபியின் மேல் அளவு சராசரியாக ஏறியது 1 மி.மீ. அளவுதான், நாடி கிட்டத்தட்ட 3 துடிப்பு.

அப்படியென்றால் எதற்கு இந்த அலறல் என்று கேட்கலாம். நானே டாக்டரிடம் அப்படித்தான் கேட்டேன். "சராசரின்னா என்னங்க? பத்துப் பேருக்கு ஒண்ணும் ஆகல, ஒருத்தருக்கு நல்லா ஏறிச்சுன்னாலும் சராசரி சின்னதாத்தான் வரும்" என்றார். அந்த ஒருத்தர் யார் என்பதை முன்கூட்டி ஊகிக்கலாம்: பிபி ஏற்கெனவே கட்டுக்குள் இல்லாதவர், இதயத்துடிப்பு தாறுமாறாக ஓடுகிறவர், இதயக் குழாயில் அடைப்பு உள்ளவர், தைராய்டு அதிகம் சுரக்கிறவர். அவர் விழிப்பு மாத்திரையும் போட்டு, மேலே காப்பியும் குடித்தால் ஒரே திசையில் மூன்று பேர் வண்டியைத் தள்ளுகிற கதை. இந்த இரண்டு மாத்திரைகளும் சேரவே கூடாது என்று ஒரேயடியான தடை கிடையாது. எச்சரிக்கையோடு என்ற வகையில்தான் மருத்துவர்கள் வைக்கிறார்கள். இளவயது, பிபி 110/70, மூன்று நாளுக்கு மட்டும் என்றால் பலருக்கு ஒன்றும் ஆகாமலே போகும். அதைச் சொல்லாமல் பயமுறுத்துவது நியாயம் இல்லை.

ஆனால் சூடோஎஃபெட்ரினைப் பற்றி ஐரோப்பிய மருந்து முகமை 2023-ல் மறுபடி ஆராய்ந்து, 2024 ஆரம்பத்தில் முடிவாகச் சொன்ன ஒரு விஷயத்தை என்னால் மறக்க முடியவில்லை. மிக அரிதாக, மூளையின் ரத்தக்குழாய்கள் திடீரென்று இறுகி, தாங்க முடியாத தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு, பார்வைக் கோளாறு என்று போகிற இரண்டு நிலைகள் இந்த மருந்தோடு சேர்ந்து வந்திருக்கின்றன. அதனால் கடுமையான அல்லது கட்டுக்குள் வராத பிபி உள்ளவர்களும் கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்களும் அதைத் தொடவே கூடாது என்று எழுதிவிட்டார்கள். அதே முகமை 2010-ல் மோடஃபினிலையும் ஒரு பிடி பிடித்திருக்கிறது: கட்டுப்பாடில்லாமல் தூக்கம் தள்ளும் நார்கோலெப்சி நோய்க்கு மட்டும் கொடுங்கள், கட்டுக்குள் இல்லாத பிபியும் இதயத்துடிப்புக் கோளாறும் இருந்தால் கொடுக்காதீர்கள் என்று. இரண்டு மருந்தும் ஒரே கதவில் "பிபி கட்டுக்குள் இல்லாதவர் உள்ளே வரக் கூடாது" என்று பலகை மாட்டியிருக்கின்றன. நான் இரண்டையும் அரை மணி இடைவெளியில் விழுங்கியிருந்தேன்.

ஆக, மச்சான் மாத்திரை என்பது வேலை செய்யும், ஆனால் எனக்கு ஆகாது. அதுவும் 12 மணி நேர வகை. ஒரு மாத்திரையில் 120 மி.கி. மெதுவாக இறங்கும். ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்த பிறகும் விழுங்கியதைத் திரும்ப எடுக்க முடியாது. அது இறங்கி முடியும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

தெருமுனைக் கலவை மாத்திரைக்கு வருவோம். இது வேறு மாதிரி வேடிக்கை. சூடோஎஃபெட்ரினிலிருந்து மெத்தம்பேட்டமைன் என்னும் போதைப்பொருள் காய்ச்ச முடியும் என்பதால் பல நாடுகளில் அதற்குக் கெடுபிடி; இந்தியாவிலும் அது கண்காணிக்கப்படும் மூலப்பொருள். அதனால் ஜலதோஷ மாத்திரைகளில் அந்த இடத்தைப் பெரும்பாலும் பினைலெஃப்ரின் பிடித்துவிட்டது. நம் ஊர் அட்டையைத் திருப்பிப் பாருங்கள்: பாராசிட்டமால், குளோர்ஃபெனிரமின், பினைலெஃப்ரின், சிலவற்றில் கஃபீன்.

வாயால் சாப்பிடும் பினைலெஃப்ரின் குடல் சுவரிலும் கல்லீரலிலும் பெரும்பகுதி சிதைந்துவிடுகிறது. மூக்குக்குப் போய்ச் சேருவது சொற்பம். 2023 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் ஆலோசனைக் குழுவில், மாத்திரையாகச் சாப்பிடும் பினைலெஃப்ரின் மூக்கடைப்புக்கு வேலை செய்யவில்லை என்று 16 பேரும் ஒரே குரலில் வாக்களித்தார்கள். 2024 நவம்பரில், சீட்டில்லாமல் விற்கும் மருந்துகளின் பட்டியலிலிருந்தே அதை எடுத்துவிடலாம் என்று எஃப்டிஏ முன்மொழிந்தது. ஆபத்தினால் அல்ல, பலன் இல்லாததால்.

"ஆனா எனக்குக் கேக்குதே" என்று எல்லோரும் சொல்வார்கள். கேட்கும்தான். காய்ச்சலையும் உடம்பு வலியையும் பாராசிட்டமால் பார்த்துக்கொள்கிறது. ஒழுகுகிற மூக்கைக் குளோர்ஃபெனிரமின் காயவைத்து, ஆளையும் தூங்க வைக்கிறது. நல்ல பெயர் மட்டும் கூட்டுக்கு. பலன் தராத ஒன்றுக்காக, சிறியதோ பெரியதோ, பிபி ஆபத்தை ஏன் வாங்க வேண்டும்? இந்த ஒரு கேள்வியிலேயே என்னைப் பொறுத்தவரை கலவை மாத்திரை தோற்றுவிட்டது.

இன்னொரு காரணமும் உண்டு, அது விழிப்பு மாத்திரைக்காரர்களுக்கே உரியது. குளோர்ஃபெனிரமின் உடம்பில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அது தூக்கத்தின் பக்கம் இழுக்கும். ஆர்மோடஃபினில் விழிப்பின் பக்கம் இழுக்கும். இரண்டும் கழிந்து கணக்கு சரியாகிவிடும் என்று நினைத்தால் தப்பு. கண் திறந்திருக்கும், ஆனால் கை தாமதிக்கும். அந்த நிலையில் ராஜீவ் காந்தி சாலையில் விடிகாலை நான்கு மணிக்கு வண்டி ஓட்டுகிறவனை நினைத்துப் பாருங்கள். எங்கள் குழுவில் ஒருவர் கலவை மாத்திரை போட்டுத் தூங்கி வழிந்ததால், அதைச் சரிகட்ட மோடஃபினிலை இன்னொன்று போட்டார். ஒரு மாத்திரையின் குறையை அடுத்த மாத்திரையால் அடைக்கும் இந்தப் பழக்கம் எங்கள் மாதிரி வேலைகளில் சாதாரணமாகிவிட்டது. பாதிப் பேருக்குச் சீட்டே கிடையாது என்பது தனிக் கதை.

அட்டையில் கஃபீன் இருந்தால் அதுவும் காப்பிக் கணக்கில் சேரும். பாராசிட்டமால் இருப்பதை மறந்து, காய்ச்சலுக்குத் தனியாக 650 போடுகிறவர்களும் நிறைய. ஒரு நாளைக்கு 4 கிராம் என்ற உச்சத்தை இப்படித்தான் தெரியாமல் நெருங்குகிறார்கள். ஒரே பெயரில் ப்ளஸ், டோட்டல், கோல்டு என்று நாலு வகை வரும், நாலிலும் சரக்கு வேறு வேறு. முன்பக்கப் பெயரை நம்பாமல் பின்பக்கத்தைப் படிப்பதுதான் ஒரே வழி. மிஞ்சிய மாத்திரையைப் பாதி உடைத்துக் குழந்தைக்குக் கொடுக்கிற வீடுகளும் எனக்குத் தெரியும். குளோர்ஃபெனிரமின், பினைலெஃப்ரின் கலவையை 4 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டாளர் 2023 டிசம்பரில் எச்சரிக்கை அச்சிடச் சொல்லியிருக்கிறார்.

சரி, இரண்டையும் இடைவெளி விட்டு எடுத்தால்? எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை இதுதான், எனக்கும் தோன்றியது. வேலைக்கு முன் விழிப்பு மாத்திரை, வீட்டுக்கு வந்த பிறகு மூக்கு மாத்திரை. கேட்க நன்றாக இருக்கிறது. கணக்குப் போட்டால் உடைந்துவிடுகிறது.

ஆர்மோடஃபினில் உடம்பில் பாதியாகக் குறைய சுமார் 15 மணி நேரம் ஆகும். மோடஃபினிலும் அதே அளவுதான். ஐந்தரை மணிக்குப் போட்ட 150 மி.கி.யில், விடிகாலை ஐந்து மணிக்கு நான் படுக்கப் போகும்போது 90-க்குப் பக்கம் இன்னும் உள்ளேயே இருக்கும். காலை எட்டரைக்குத்தான் பாதி. அடுத்த மாத்திரை போடும் நேரத்திலும் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். தினமும் போடுகிறவர் உடம்பில் அது இல்லாத நேரம் என்று ஒன்றே கிடையாது. போதாததற்கு, படுக்கப் போகும்போது மூக்கு மாத்திரை போடுவது என்றால், அதுவே தூக்கத்தைக் கெடுக்கும் மருந்து. பகலில் தூக்கம் போச்சு, ராத்திரி கலக்கம் அதிகம், அப்புறம் விழிப்பு மாத்திரையை ஒன்றரையாக்கலாமா என்ற சபலம். இடைவெளி என்ற வழியைத் தாளிலேயே அடித்துவிட்டேன்.

விழிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டுக் காப்பியை நம்பி, மூக்கு மாத்திரையைத் தொடர்வது இன்னொரு வழி. கஃபீன் ஐந்தாறு மணி நேரத்தில் பாதியாகிவிடும் என்பது மட்டும் லாபம். முதல் நாளைய ஆர்மோடஃபினில் மிச்சம் இருக்கும்போது அந்த லாபமும் குறைவு. இதில் எனக்கு ஆர்வம் வரவில்லை.

மாத்திரை வேண்டாம் என்று முடிவானதும், மூக்குக்குள் விடும் சொட்டு மருந்து பக்கம் வந்தேன். ஆக்ஸிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் என்பவை. வேலை அதே வேலைதான், குழாயைச் சுருக்குவது. ஆனால் விட்ட இடத்திலேயே சுருக்கும்; ரத்தத்தில் கலப்பது குறைவு. சில நிமிஷத்தில் திறக்கும், பல மணி நேரம் நிற்கும். பிபிக்காரர் டாக்டரைக் கேட்டுவிட்டு எடுங்கள் என்று இந்தப் புட்டியிலும் எழுதியிருக்கும். அதை மதிக்க வேண்டும். என்றாலும் 120 மி.கி. மாத்திரையும் மூக்கில் இரண்டு சொட்டும் ஒன்றல்ல.

இதன் குழி வேறு இடத்தில் இருக்கிறது. மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள். அதைத் தாண்டினால், மருந்தின் வேகம் இறங்கும்போது மூக்கு முன்னைவிட மோசமாக அடைக்கும், அதைத் திறக்க மறுபடி சொட்டு, மறுபடி அடைப்பு. என் பழைய அலுவலகத்தில் ஒருவர் இரண்டு வருஷமாகச் சட்டைப் பையில் அந்தப் புட்டியோடு திரிந்தார். பேனா மறந்தால் கடன் வாங்குவார், புட்டி மறந்தால் வீட்டுக்குத் திரும்பிப் போவார். "வெறும் மூக்குச் சொட்டுதானே சார்" என்று சிரிப்பார். காது மூக்கு தொண்டை டாக்டர் அதை விடவைக்க மாதக்கணக்கில் ஆனது.

எனக்கு இந்தச் சொட்டு அவசியப்பட்டது ஒரே ஒரு காரணத்துக்கு: சீப்பேப் மெஷின். மூக்கு அடைத்திருந்தால் மெஷின் தள்ளும் காற்று உள்ளே போகாது, வாய் திறந்து வெளியே போய்விடும். மெஷின் இல்லாமல் படுத்தால் ஆப்னியா அன்றைக்கு முழு ஆட்டம் ஆடும். மறுநாள் எந்த விழிப்பு மாத்திரையாலும் அதை ஈடுகட்ட முடியாது. ஆர்மோடஃபினில் கலக்கத்தைத்தான் குறைக்கிறது, மூச்சுத் தடையை அது தொடுவதே இல்லை. அதனால் படுக்கப் போவதற்கு முன் மட்டும், மூன்று நாளுக்கு மட்டும் என்று டாக்டர் சம்மதித்தார். புட்டியின் மேலேயே தேதி எழுதி ஒட்டச் சொன்னார். நல்ல யோசனை, ஜலதோஷத்தில் கிழமையே மறந்துபோகிறது.

ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு ஸ்ப்ரேக்கள் அலர்ஜி மூக்குக்கு உரியவை. பலன் தெரியவே சில நாள் ஆகும், அதற்குள் சாதாரண ஜலதோஷம் கிளம்பிப் போய்விடும். செட்டிரிசின் வகையறாவும் அலர்ஜி தும்மலுக்குத்தான் சரி, ஜலதோஷ அடைப்புக்கு அவற்றால் பெரிதாக ஆவதில்லை. அலர்ஜிதான் என்று உறுதியாகத் தெரிந்து ஒன்று வேண்டுமென்றால், தூக்கம் குறைவாக வரும் ஃபெக்ஸோஃபெனடினைக் கேளுங்கள். வெளிநாட்டில் பிட்டோலிசன்ட் என்ற விழிப்பு மருந்து எடுக்கும் தமிழர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அது மூளையில் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கூட்டித்தான் விழிக்க வைக்கிறது. குளோர்ஃபெனிரமின், டைஃபென்ஹைட்ரமின் போன்ற பழைய அலர்ஜி மருந்துகள் அதே ஹிஸ்டமினின் கதவை அடைப்பதால் அந்த மருந்தின் பலனைக் கெடுத்துவிடும். சோல்ரியம்ஃபெட்டால் என்ற இன்னொரு விழிப்பு மருந்து எடுப்பவர்களுக்குப் பிபி எச்சரிக்கை என்னைவிடக் கடுமையாகவே பொருந்தும், அந்த மருந்து தானாகவே பிபியையும் நாடியையும் ஏற்றக்கூடியது. மனச்சோர்வுக்கோ பார்க்கின்சனுக்கோ எம்ஏஓ தடுப்பான் வகை மருந்து எடுப்பவர்கள் சூடோஎஃபெட்ரின் பக்கமே போகக் கூடாது. அங்கே பிபி ஆபத்தான அளவுக்கு எகிறக்கூடும்.

அம்மா வீட்டில் இருந்ததால் ஆவி பிடிப்பது பற்றிப் பேச்சு எழாமல் இருக்குமா? நொச்சி இலை, மஞ்சள்தூள், போர்வை, அண்டா. ஆராய்ச்சிகளில் ஆவிக்குப் பெரிய பலன் தெளிவாகத் தெரியவில்லை, ஆனால் அந்தப் பத்து நிமிஷ சுகத்தை நான் மறுக்க மாட்டேன். ஆர்மோடஃபினிலோடு அதற்கு எந்தச் சண்டையும் இல்லை. கொதிநீர் கவிழ்ந்து சுட்டுக்கொள்வதுதான் ஒரே நிஜ ஆபத்து. குழந்தைகள் ஓடித் திரியும் வீட்டில் அது சின்ன விஷயம் இல்லை. தைலம் இன்னும் வேடிக்கை. மென்தால் மூக்கில் குளிர்ச்சியை உணரும் நரம்பைத் தட்டி, காற்று தாராளமாகப் போவதாக மூளையை நம்பவைக்கிறது. அடைப்பு அப்படியே இருக்கும். ஏமாற்றுதான். ஆனால் பிபியை ஏற்றாத ஏமாற்று, நெற்றியில் கொஞ்சம் தடவிக்கொள்வதில் தப்பில்லை.

உப்புநீர் ஸ்ப்ரேயைத்தான் நான் மேசையில் கணக்கிலேயே எடுக்காமல் விட்டிருந்தேன். அதில் மருந்தே இல்லை. இறுகிய சளியை இளக்கிக் கழுவி விடுகிறது, அவ்வளவே. ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை அடித்தாலும் யாரோடும் சண்டை போடாது. வீட்டிலேயே செய்வதென்றால் ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு. தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவைத்துத்தான் பயன்படுத்த வேண்டும். குழாய்த் தண்ணீரை நேரே மூக்கில் ஏற்றக் கூடாது. கேரளத்தில் 2024, 2025-ல் மூளையைத் தாக்கிய அமீபாத் தொற்றைப் பற்றிச் செய்திகளில் படித்திருப்பீர்கள். குளத்துத் தண்ணீரில் குளிக்கும்போது மூக்கு வழியாக ஏறுவது அது. அரிது, ஆனால் வந்தால் பிழைப்பது கஷ்டம். கொதிக்க வைக்கும் சோம்பலுக்காக அந்த ஆபத்தை எடுக்க வேண்டாம்.

கடைசி வழிதான் யாருக்கும் பிடிக்காதது: லீவு. விழிப்பு மாத்திரை எதற்கு? வேலைக்கு. ஜலதோஷத்தில் உடம்பு கேட்பது தூக்கம். இரண்டு நாள் வேலைக்குப் போகாவிட்டால் மாத்திரையின் தேவையே குறைந்துவிடும், தூங்கிக்கொண்டே இருக்கலாம். "ஜலதோஷத்துக்கெல்லாமா லீவு" என்று எங்கள் மேனேஜர் கேட்பார் என்று தெரியும். 164/102 என்ற எண்ணை வைத்துக்கொண்டு கேட்டதால் கிடைத்தது.

இங்கே ஒரு வேறுபாடு முக்கியம். ஷிஃப்ட் வேலைக்காகவோ ஆப்னியாக் கலக்கத்துக்காகவோ எடுப்பவர், வண்டி ஓட்டாமல் வீட்டிலேயே இருக்கும் நாட்களில் மாத்திரையைத் தவிர்க்க முடியுமா என்று டாக்டரிடம் கேட்கலாம். என் டாக்டர் சரி என்றார். நார்கோலெப்சி உள்ளவருக்கு நிலைமை வேறு. அடுப்படியில், மாடிப்படியில், எங்கே வேண்டுமானாலும் தூக்கம் தள்ளிவிடும் அவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது. அவர்களுக்கு விட்டுக்கொடுக்க வேண்டியது மூக்கு மாத்திரைதான், விழிப்பு மாத்திரை அல்ல.

விழிப்பு மாத்திரையைத் தொடங்கி இன்னும் இரண்டு மாதம்கூட ஆகாதவர்களுக்கு ஒரு வார்த்தை. காய்ச்சல், தொண்டை வலி, கண் சிவப்பு, அதோடு தோலில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் அதை வைரல் காய்ச்சல் என்று தள்ளிவிடாதீர்கள். மோடஃபினில் மிக அரிதாக, பெரும்பாலும் முதல் ஐந்து வாரங்களுக்குள், உயிருக்கே ஆபத்தான தோல் எதிர்வினையைக் கிளப்பும். ஆரம்பத்தில் அது ஜலதோஷம் போலவே வேஷம் போடும். மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதுபோல, இரண்டு மாத்திரையையும் ஏற்கெனவே போட்டுவிட்டு இதைப் படிக்கிறவருக்கு, நெஞ்சு வலியோ, இடி விழுந்தாற்போல் தலைவலியோ, வாய் கோணலோ, பார்வை மங்கலோ இருந்தால் மேற்கொண்டு படிக்க வேண்டாம், 108-க்குப் போன் போடுங்கள். வெறும் படபடப்பு என்றால் உட்கார்ந்து, காப்பியை நிறுத்தி, பிபி பாருங்கள். அன்றைக்கு மேற்கொண்டு எந்த மாத்திரையும் சேர்க்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

நான் கடைசியில் எடுத்தது இது: இரண்டு நாள் லீவு, அந்த இரண்டு நாளும் ஆர்மோடஃபினில் கிடையாது. காய்ச்சலுக்குக் கலப்பில்லாத பாராசிட்டமால். பகலில் உப்புநீர், படுக்கும் முன் மூன்று நாளுக்குச் சொட்டு மருந்து, அதற்குப் பிறகு மெஷின். பிபி மாத்திரை வழக்கம்போல். அம்மாவின் மிளகு ரசம், அவர் மனம் கோணக் கூடாது என்று ஒரு தடவை நொச்சி ஆவி. கலவை மாத்திரை நான்கையும் குப்பையில் போட்டேன். மச்சான் மாத்திரையைப் பற்றி மனைவி, "என்னங்க, அவன் கேட்டா என்ன சொல்றது?" என்றாள். நல்லா வேலை செஞ்சுதுன்னே சொல்லு என்றேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஐந்தரைக்குப் பிபி பார்த்துவிட்டு ஆர்மோடஃபினில் போட்டேன். 134/86. இடது மூக்கு இன்னும் அடைத்துத்தான் இருந்தது. வலது பக்கம் போதுமானதாக இருந்தது.